‘வேண்டாம்’னு ஒரு பட்டன்

லேப்டாப்பை மூடிராத அம்மணி, மூடிராத! அந்த வட்டம் சுத்திக்கிட்டு இருக்கறப்ப மூடுனயின்னா அப்பறம் அது கோவிச்சுக்கும். எனக்குத் தெரியும். சுத்தட்டும், விடு. ரயிலு சேலம் வர்றதுக்குள்ள முடிஞ்சாலும் முடியும், ஓசூர் தாண்டியும் சுத்துனாலும் சுத்தும். அதுக்கு எப்ப மனசு வருதோ அப்பத்தான். நமக்கு அவசரம்னா அதுக்கென்ன? அது பெரிய எடத்துச் சமாச்சாரம்.

ஆபீஸ் வேலையா? உடனே அனுப்போணுமா? பாவம். அனுப்பலாம், அனுப்பலாம். இந்தா, முறுக்கு எடுத்துக்க. வேண்டாமா? அட, ஒண்ணு எடுத்துக்க. கையில வெச்சுக்க, பொறவு திங்கலாம்.

என்ன அப்புடிப் பாக்கற? நானும் கம்ப்யூட்டர்க்காரிதான். ஈரோட்டுல வந்து தவமணி திருமணத் தகவல் மையம்னு கேட்டுப்பாரு, ஆட்டோக்காரரே கொண்டாந்து வாசல்ல எறக்கி விடுவாரு. ஊட்டு முன் ரூம்புதான் ஆபீஸ். மொதல்ல எல்லாம் போட்டோவைக் கவர்ல போட்டு, ஜாதகத்தைப் பின் குத்தி, பீரோவுல அடுக்கி வெச்சிருந்தேன். கரையான் வந்து நாலு மாப்பிள்ளைகளைத் தின்னுட்டுப் போச்சு. அதுக்கப்பறந்தான் கம்ப்யூட்டர் வாங்குனேன். யாரும் சொல்லித் தரலை. நானே தட்டித் தட்டிக் கத்துக்கிட்டது.

அது இருந்துச்சு பாரு, பழைய கம்ப்யூட்டர், தங்கம். சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. எதுத்து ஒரு வார்த்தை பேசாது. எங்கூட்டுக்காரர் மாதிரி. சென்னியப்பன்னு பேரு, மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு. ஊருக்கே கரண்டு குடுத்தாரு, ஊட்டுக்குள்ள வந்தா சத்தமே இருக்காது.

திரையில நான் அடுக்கி வெச்சிருந்த அழகைப் பாக்கோணும் நீ. எடது பக்கம் பூராப் பொண்ணுக. வலது பக்கம் பூரா மாப்பிள்ளைக. நடுவுல எடம் விட்டு எங்க குலசாமி கோயில் கோபுரம். கம்ப்யூட்டரைப் போட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுத்தான் மவுசையே தொடுவேன். கீழ மூலையில தனியா ஒரு ஃபோல்டர். அதுக்கு ‘பொறவு’ன்னு பேரு. வேண்டாம்னு சொன்னவங்களை எல்லாம் அதுல போட்டு வெப்பேன்.

எங்கிட்ட வேண்டாங்கற பேச்சே கெடையாது அம்மணி. இன்னைக்கு வேண்டாம்னா ஆடி கழிச்சுக் கேப்பேன். அப்பவும் வேண்டாம்னா தை பொறந்ததும் கேப்பேன். இந்தப் புள்ளைகளுக்கு என்ன தெரியும்? கேக்கக் கேக்கத்தான் மனசு எளகும். எத்தனை பேரு சலிச்சுப் போயே சம்மதிச்சிருக்காங்க தெரியுமா? இன்னைக்கு எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. அதாவது, இருக்காங்க.

அப்புடி ஒழுங்காப் போயிக்கிட்டு இருந்த பொழப்புல, ஒரு நாள் காத்தால திரையில ஒரு பொட்டி வந்து நிக்குது. ‘உங்கள் கம்ப்யூட்டருக்குப் புதிய வடிவம் தயார்.’ நான் கேட்டனா? கேக்கலை. கீழ ரெண்டு பட்டன். ஒண்ணு ‘இப்போதே’. இன்னொண்ணு ‘பிறகு’. வேண்டாம்ங்கற பட்டனைத் தேடறேன், தேடறேன், காணோம்! மூலையில ஒரு பெருக்கல் குறி கூட இல்லை. கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டும் தேடுனேன்.

நீயே சொல்லு, இது நாயமா? ஒரு மனுசி வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு வழி வெக்கக் கூடாதா? ‘பிறகு’ன்னு அமுக்குனா போகுது, மத்தியானம் திரும்ப வருது. மத்தியானம் தொரத்துனா சாயந்தரம் வருது. மறுக்கா மறுக்கா வந்து நின்னா ஒரு நாளைக்கு சலிச்சுப் போயாவது செரிம்பாள்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கானுக. என்ன ஒரு கெட்ட புத்தி பாரு! மனுசனாப் பொறந்தவன் இப்புடிப் பண்ணுவானா?

நான் அசையலை. நம்ம பிடிவாதத்துக்கு முன்னால அது எந்த மூலைக்கு? ‘பிறகு, பிறகு’ன்னு அமுக்கிக்கிட்டே வந்தேன். அப்பறம் அது என்ன பண்ணுச்சு தெரியுமா? கோபியில இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க. நல்ல எடம், நல்ல மனுசங்க. நான் ஒரு மாப்பிள்ளையை பத்து நிமிசம் வாயாலயே வர்ணிச்சு, அந்தம்மா முகம் மலர்ந்து, ‘போட்டோவைக் காட்டுங்க’ன்னு சேரை இழுத்துப் போட்டு முன்னால வந்து உக்காந்தாங்க. நான் மவுசை அமுக்கறேன். திரை அப்புடியே நீலமாப் போச்சு. ஒரு வட்டம். இப்ப உன்னுதுல சுத்துதே, அதே வட்டந்தான். ‘உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்கிறோம். அணைத்துவிடாதீர்கள்.’

எனக்காகவாமா! முன்னால பொண்ணு ஊட்டுக்காரங்களை உக்கார வெச்சுக்கிட்டு எனக்காகத் தயார் பண்றானாமா!

அந்தம்மாவுக்கு ரெண்டு தடவை காபி வெச்சுக் குடுத்தேன். பேச்சு மழையில இருந்து மஞ்சள் வெலைக்குப் போயி, மஞ்சள் வெலையில இருந்து சக்கரை வியாதிக்குப் போயிருச்சு. வட்டம் நிக்கலை. கடைசியில ‘பஸ்சுக்கு நேரமாச்சுங்’னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவங்க செருப்பு மாட்டி கேட்டைச் சாத்தறாங்க, இங்க ‘வணக்கம்!’னு திரை தெறக்குது.

தெறந்து பாத்தா அது என்னோட கம்ப்யூட்டரே இல்லை. கோபுரத்தைக் காணோம். அந்த எடத்துல ஏதோ ஒரு வெளிநாட்டு ஏரி, சுத்தியும் பனிமலை. வெளிய அக்கினி வெயிலு, உள்ள பனி. எடது மூலையில இத்தனை வருசமா இருந்த ஸ்டார்ட் பட்டனைத் தூக்கி நடுவுல வெச்சிருக்கான். கை தானா மூலைக்குத்தான் போகுது. அந்த மூலையில என்ன இருக்குதுங்கற? சூரியன் படம் போட்டு, ‘வெயில் அதிகம்’னு எழுதியிருக்குது. ஈரோட்டுக்காரிகிட்ட வந்து வெயில் அடிக்குதுன்னு தகவல் சொல்லுது!

மூலையெல்லாம் வேற மழுக்கி விட்டிருந்தான், கொழந்தைக்குக் குத்திப்போடும்ங்கற மாதிரி. காப்பி பண்றது, அழிக்கறதுன்னு எழுத்தா இருந்ததை எல்லாம் எடுத்துட்டு சின்னச் சின்னப் படமாப் போட்டிருந்தான். ஒண்ணு குப்பைக்கூடை, செரி. இன்னொண்ணு என்னன்னு எனக்கு இன்னைக்கும் தெரியலை. அமுக்கிப் பாக்கப் பயம், பரமத்திக்காரப் பையன் ஒருத்தன் போட்டோ அப்புடித்தான் எங்கியோ போயிருச்சு.

அதுல ‘உங்களுக்குப் பரிந்துரைக்கப்படுபவை’ன்னு ஒரு பத்தி. இந்தப் படத்தைப் பாருங்க, அந்தச் செய்தியைப் படிங்க, இதை வாங்குங்க. என்னைய பத்தி அதுக்கென்ன தெரியும்? ரெண்டு தடவை எதையோ தெறந்து பாத்தேன்னு வெச்சுக்கிட்டு, எனக்கு இன்னதுதான் புடிக்கும்னு அதுவே முடிவு பண்ணிக்குமா? ஒருத்தருக்கு என்ன புடிக்கும்னு சொல்றதுக்கு அனுபவம் வேணும் அம்மணி. நான் ஒரு பொண்ணு வாசல்ல செருப்பைக் கழட்டி வெக்கற தினுசுலயே இவளுக்கு எந்த மாப்பிள்ளைன்னு முடிவு பண்ணிருவேன். அவளைக் கேக்கவே வேண்டியதில்லை.

போதாததுக்கு உதவியாளர்னு ஒண்ணு வந்து நிக்குது. ‘நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?’ செரி, கேக்குதேன்னு, ‘பட்டனைப் பழைய எடத்துல வை’ன்னு அடிச்சேன். ‘மிக நல்ல கேள்வி!’ன்னுச்சு. நான் கேள்வியே கேக்கலை. அப்பறம் மாற்றம் ஏன் நல்லதுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதிட்டு, இதைப் பத்திக் கவிதை வேணுமான்னு கேட்டுச்சு. எங்கூட்டுக்காரர் பக்கத்துல நின்னு படிச்சுப்போட்டு, ‘கவிதைதான் வாங்கிக்கயேன்’னாரு. அவருக்கு எப்பவாச்சும் இப்புடி வாய் தெறக்கும், தெறக்கக் கூடாத நேரமாப் பாத்து.

கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். ‘அக்கா, பழசுக்கு இனிமேப் பாதுகாப்பு கெடையாது. பழகிக்கங்க. எல்லாரும் பழகிட்டாங்க’ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.

அப்பத்தான் எம்பொண்ணுக்குப் போன் போட்டேன். மிருதுளா. ஒரே பொண்ணு. பெங்களூருல இருக்கறா. அவ வேலை என்னங்கற? ஒரு கம்பெனியில, திரையில எந்தப் பட்டனை எங்க வெக்கறதுன்னு முடிவு பண்ற வேலை. அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு சம்பளம். நான் விடுவனா? ‘ஏன்டி, ஊருல இருக்கற அம்மாமாருக பட்டனை எல்லாம் புடுங்கி எடம் மாத்தறதுக்குத்தான் உன்னைய அத்தனை பாடுபட்டுப் படிக்க வெச்சமா?’ன்னேன்.

‘அம்மா, அது வேற கம்பெனி. நாங்க பண்றது ஆஸ்பத்திரிக்கான செயலி’ங்கறா.

‘எல்லாரும் ஒரே கூட்டந்தான்’னேன்.

‘அப்படி இல்லம்மா. நான் ஒரு பட்டனை நகர்த்தறதுக்கு முன்னால பத்துப் பேர்கிட்டயாவது கேப்பேன். கேக்காம நகர்த்துனா எங்க ஆபீஸ்ல விட மாட்டாங்க’ன்னா. பெருமையா வேற சொல்றா. அப்பறம் மனசு எறங்கி, ‘ஞாயித்துக்கெழமை வந்து சரி பண்ணித் தர்றேன், அதுவரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டாத’ன்னு சொன்னா.

ஞாயித்துக்கெழமைன்னதும் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு.

இதை நீ சரியாப் புரிஞ்சுக்கோணும். ஊருப் பொண்ணுகளுக்கு எல்லாம் மாப்பிள்ளை பாக்கற நான், என் சொந்த மகளை அப்புடியே விட்டு வெச்சா பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா? அவ ஃபோல்டரும் எடது பக்கம் இருந்துச்சு, மேல இருந்து மொதல் வரிசையில. போட்டோ, ஜாதகம், படிப்பு, ஒயரம், எல்லாம். நாலஞ்சு எடத்துக்கு அனுப்பியும் வெச்சிருந்தேன். அவளைக் கேட்டயான்னு கேக்காத. கேட்டா வேண்டாம்பா. வேண்டாம்பான்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு புள்ளைகிட்டப் போயி கேட்டு, அதுக்கு சங்கடத்தைக் குடுக்கறதா?

சென்னிமலையில ஒரு எடம் கூடி வந்துச்சு. பெட்ஷீட் ஏவாரம். பையன் பேரு பிரகதீஷ். எம்பிஏ படிச்சுப்போட்டு அய்யனோட ஏவாரத்தைப் பாக்கறான். எனக்கு எல்லாப் பொருத்தமும் திருப்தி. ‘பொண்ணு சம்மதமா?’ன்னு அவங்க கேட்டாங்க. ‘பரிபூரண சம்மதம்’னுட்டேன். அது ஒரு வழக்கம் அம்மணி. நான் அனுப்பற எல்லா விவரத்துலயும் அப்புடித்தான் போடுவேன். அந்த எடத்தைக் காலியா வெச்சா நல்லாருக்காது.

ஞாயித்துக்கெழமை காத்தால மிருதுளா குளிச்சுப்போட்டு, ஈரத் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, ஒரு பழைய பனியனோட கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டா. ‘ஒரு நல்ல பொடவையா எடுத்துக் கட்டு சாமி, கோயிலுக்குப் போலாம்’னேன். ‘பொறவு போலாம்மா’ன்னா. வேலையில எறங்கிட்டா அவ என்னைய மாதிரி, எந்திரிக்க மாட்டா.

நானும் பக்கத்துல உக்காந்து பாத்தேன். அமைப்புகள்னு ஒண்ணைத் தெறந்தா. ‘இங்க பாரும்மா’ன்னா. பாத்தா, வரிசையா டிக். நான் எங்க இருக்கறேன்னு பாக்கறதுக்கு சம்மதமாம், டிக். என்ன தட்டறேன்னு படிக்கறதுக்கு சம்மதமாம், டிக். என் ஃபோல்டரை எல்லாம் தூக்கிட்டுப் போயி அவன் எடத்துல வெச்சுக்கறதுக்கும் சம்மதமாம், டிக். 

‘நான் எப்படி சம்மதிச்சேன்?’

‘நீ சம்மதிக்கலைம்மா. அவங்களே உனக்குப் பதிலா போட்டு வெச்சிருக்காங்க. உனக்கு நல்லதுன்னு அவங்க நெனைக்கறாங்க.’

‘எனக்கு நல்லது எதுன்னு இவன் யாரு சொல்றதுக்கு? ஒரு பொம்பளை வாயைத் தெறக்கறதுக்கு முன்னாலயே சம்மதம்னு எழுதிக்குவானா? எடுடி எல்லாத்தையும்!’னு கத்தறேன். எங்கூட்டுக்காரர் அடுப்படியில பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கிட்டு இருந்தவரு, கத்தியோட வந்து எட்டிப் பாத்தாரு. பாத்துப்போட்டு என் மூஞ்சியையே பாத்தாரு. ‘என்ன?’ன்னேன். ஒண்ணுமில்லைன்னு போயிட்டாரு. அவளும் ஒவ்வொண்ணா எடுத்துட்டா. ஒவ்வொரு டிக்கும் போகப் போக எனக்கு அப்புடி ஒரு குளுமை.

கடைசி டிக்கை எடுக்கறா, வாசல்ல கார் வந்து நிக்குது.

மாப்பிள்ளையோட அய்யன், அம்மா, அந்தப் பையன், கூட ஒரு பெரியம்மா. தட்டுல பூவும் பழமும். நான் ஓடிப் போயி வாங்க வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன். நான் நெனைச்சது என்னன்னா, ஊடு தேடி வந்த ஒறம்பரைக்கு முன்னால இவ ஒண்ணும் பேச மாட்டா, ஓடிப் போயி பொடவை கட்டிக்கிட்டு வருவா, பையனைப் பாத்தா மனசு மாறிரும். எத்தனையோ ஊட்டுல நான் அப்புடிப் பாத்திருக்கறேன்.

அவ ஓடலை. சேரைத் திருப்பிப் போட்டு, துண்டை அவுத்து மடியில வெச்சுக்கிட்டு, ‘வாங்க’ன்னா.

அவரு, மாப்பிள்ளையோட அய்யன், நல்ல மனுசன். ‘உனக்கு சம்மதம்னு அம்மா சொன்னாங்க சாமி. அதுதான் பூ வெச்சு உறுதி பண்ணிட்டுப் போயிரலாம்னு வந்தோம்’னாரு.

மிருதுளா என்னைய ஒருக்கா பாத்தா. அப்பறம் அவருகிட்ட, ‘நான் யாருகிட்டயும் அப்படிச் சொல்லலைங்க. நீங்க வர்றதே எனக்கு இப்பத்தான் தெரியும். உங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க’ன்னா. சத்தம் போடலை. அழுகலை. ஆபீசுல பேசுவா பாரு, அந்த மாதிரி. சத்தம் போட்டிருந்தாக் கூட நான் சமாளிச்சிருப்பேன். அப்பறம் அந்தப் பையனைப் பாத்து, ‘உங்களைக் கேட்டாங்களா?’ன்னா.

அவன் நெளியறான். ‘சொந்தத்துல ஒரு காதுகுத்துன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க’ங்கறான்.

ரெண்டு பேரும் சிரிச்சுப்போட்டாங்க அம்மணி. என்ன கொழுப்பு பாரு. பெரியவங்க அத்தனை பேரு நெருப்பு மேல நின்னுக்கிட்டு இருக்கறம், இதுக ரெண்டும் சிரிக்குதுக. ‘பாருங்க, பொருத்தம் இருக்குதே!’ன்னு நான் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள எங்கூட்டுக்காரர் பஜ்ஜித் தட்டோட வந்து நின்னு, அவங்களைப் பாத்து, ‘தப்பு எங்க மேலதானுங்க. மன்னிச்சுக்கோணும்’னுட்டாரு. முப்பது வருசமாப் பேசாத மனுசன் பேசறதுக்கு அந்த நேரத்தைத்தான் எடுத்து வெச்சிருந்திருக்காரு.

அவங்க பூத்தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பையன் மட்டும் போறப்ப ஒரு பஜ்ஜி எடுத்துக்கிட்டான்.

அதுக்கப்பறம் ஒரு பெரிய சண்டை வரும்னு நானும் தயாராத்தான் இருந்தேன். வரலை. அவ திரும்பி உக்காந்து மிச்ச வேலையை முடிச்சா. ‘உன் பட்டனை எடது பக்கம் வெச்சுட்டேன்மா. கோபுரமும் போட்டுட்டேன். இனிமே உன்னைக் கேக்காம இது எதுவும் பண்ணாது’ன்னா. ‘என்னோட ஃபோல்டரை மட்டும் நான் எடுத்துட்டேன்.’ சொல்லிப்போட்டு என்னையவே பாத்துக்கிட்டு நின்னா. எதுக்குப் பாத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. ‘சாப்பிட்டுப் போ’ன்னேன். ‘பசியில்லைம்மா’ன்னு பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா.

அன்னையில இருந்து சரியாப் பேசறதில்லை. நான் போன் போட்டா எடுக்க மாட்டா. ‘மீட்டிங், பொறவு பேசறேன்’னு ஒரு வரி வரும். காத்தால கூப்பிட்டாலும் அதே வரி, சாயந்தரம் கூப்பிட்டாலும் அதே வரி. வேண்டாம்னா வேண்டாம்னு நேரா சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு இந்தப் பொறவு? அவங்கப்பாகிட்ட மட்டும் தெனமும் பேசறா. மனுசன் மோட்டார் ரூம்புக்குள்ள போயி நின்னுக்கிட்டுப் பேசறாரு, நான் மோட்டார் போடறாருன்னு நெனைச்சுக்கோணுமாம்.

ஒரு நாள் சாப்பிடறப்ப ஆரம்பிச்சாரு. ‘ஏன் தவமணி, அந்தப் பொட்டி உன்னையக் கேக்காம எல்லாத்தையும் மாத்திப்போடுச்சுன்னு நீ அத்தனை கத்துனயே...’

‘ஆமா, கத்துனேன். அதுக்கு என்ன இப்ப?’

‘ஒண்ணுமில்லை. இன்னொரு கரண்டி ரசம் ஊத்து’ன்னுட்டாரு. சொல்ல வந்ததை முழுசாச் சொல்லத் தெரியாது அவருக்கு. நானும் நின்னு கேக்கறதில்லை.

கம்ப்யூட்டரா? அது இப்ப நல்லாத்தான் இருக்குது. அவ சொன்ன மாதிரியே, எதுன்னாலும் என்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் செய்யுது. ஆனா பாரு, உக்காந்தா வேலை ஓட மாட்டேங்குது. எடது பக்கம் மொதல் வரிசையில ஒரு ஓட்டை. அடுத்த ஃபோல்டரை நகர்த்தி வெச்சு அடைச்சிரலாம். கையி வரலை.

அதுதான் இன்னைக்குக் கெளம்பிட்டேன். எங்கூட்டுக்காரர்கிட்ட மட்டும் சொன்னேன். அவகிட்டச் சொல்லலை. சொன்னா வராதேம்பா. நேராப் போயி கதவைத் தட்டி நின்னா என்ன பண்ணுவா? தொரத்தியா விடுவா? பெத்த தாய். முறுக்கு, பருப்புப்பொடி, அப்பறம் பையில ஒரே ஒரு ஜாதகம். ஒண்ணே ஒண்ணுதான். நாமக்கல்லு. அருமையான எடம். அதை இப்பவே எடுக்க மாட்டேன், அவ சாப்பிட்டு முடிக்கட்டும்.

நீ என்ன நட்சத்திரம் அம்மணி? சும்மாதான் கேட்டேன். சொல்லக் கூடாதுன்னா விடு. பொறவு கேக்கறேன்.

இரு, போன் அடிக்குது. அந்தக் கண்ணாடியை இப்புடிக் குடு. யாரு... மிருதுளா! அவளாக் கூப்பிடறா பாரு!

ஹலோ, சொல்லு சாமி... ஊட்டுலதான் இருக்கறேன்... சத்தமா? அது மிக்சி... இல்லை, மிக்சி ஊளையிடாதுதான்... ஓ. அப்பா சொல்லிட்டாரா. அந்த மனுசனுக்கு வாயில ஒண்ணு நிக்காது... செரி... செரி... நான் சேலத்துல எறங்கித் திரும்பிப் போயிர்றேன், போதுமா?... கோவம் எல்லாம் இல்லை... என்னது?... சத்தமாச் சொல்லு, பாலம் வருது...

அம்மணி, இவ என்ன கேக்கறா தெரியுமா? ‘வர்றதுன்னா வாம்மா, ஸ்டேசனுக்கு வந்து கூட்டிக்கறேன். ஆனா ஜாதகத்தைப் பையை விட்டு வெளிய எடுக்கக் கூடாது. இல்லை, ஊட்டுக்கே திரும்பிப் போகோணும்னு தோணுச்சுன்னா போ, அடுத்த வாரம் நானே வர்றேன். ரெண்டுல எதுன்னாலும் எனக்கு சந்தோசம். உனக்கு எது வேணும்னு நீ சொல்லு’ங்கறா. சொல்லிப்போட்டு லைன்லயே நிக்கறா.

என்ன கேள்வி இது? வான்னு சொல்லோணும், இல்லை வராதேன்னு சொல்லோணும். வான்னா நான் போவேன். வராதேன்னாலும் நான் போவேன். அது எனக்குப் பழக்கம். இப்புடிக் கேட்டா என்ன பண்றது?

அந்தக் காலத்துல நான் டைப்ரைட்டிங் லோயர் பரிச்சைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தேன், பொடவையை மாத்துன்னாங்க, மாத்துனேன். பாத்தா கூடத்துல எங்கூட்டுக்காரர் பொண்ணு பாக்க வந்து உக்காந்திருக்காரு. பரிச்சைக்குப் போகலை. அப்பறம் எந்த ஊரு, எந்த ஊடு, புள்ளை ஒண்ணு போதுமா ரெண்டா, எல்லாம் யாரோ பேசி முடிச்சு என் மடியில வந்து விழுந்ததுதான். அதை எதுக்கு இப்பச் சொல்றேன்னு தெரியலை. உனக்கு எது வேணும்னு கேட்டு, கேட்டுப்போட்டு, பதிலுக்காக ஒருத்தரு இப்புடி மூச்சு விடற சத்தம் கேக்கற மாதிரி காத்துக்கிட்டு நிக்கறது...  கொஞ்சம் தண்ணி குடு.

சேலம் வந்துருச்சா? இன்னும் இல்லையா? எறங்கறவங்க எந்திரிக்கறாங்களே.

ஹலோ... இருக்கறேன் சாமி. கட் ஆகலை... இருக்கறேன்னு சொல்றேன்ல்ல... ரோசனை பண்றேன், இரு... அட, அவசரப்படுத்தாத புள்ளே. இப்பத்தானே கேட்டிருக்கற!